கல்லின் வயது வேறு, கருவியின் வயது வேறு

பூண்டிப் பக்கம் தாத்தாவின் நிலத்தை உழும்போது கிடைத்த, இலை வடிவில் செதுக்கிய ஒரு கல்லை அலமாரியில் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்து இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். அத்திரம்பாக்கத்துக் கற்கருவிகள் 15 லட்சம் ஆண்டு பழையவை என்று செய்திகளில் வருகிறது. கல் எப்படியும் கோடிக்கணக்கான ஆண்டு பழையதாயிற்றே, அதை மனிதன் உடைத்த நேரத்தை எந்த ஆய்வகம் சொல்லும்? கரி, நெல் என்றால் சரி, கல்லுக்கு என்ன ஆதாரம்? இது முதல் கேள்வி. ஆய்வகம் தருகிற எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பது இரண்டாவது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே சந்தேகம் என்று எனக்குப் படுகிறது: எண் எதற்கு உரியது, பொருளுக்கா, அது கிடந்த மண்ணுக்கா? மிகச் சரியான சந்தேகம். அகழாய்வில் எங்களைப் போன்றவர்களுக்கு வேலை இருப்பதே அதனால்தான்.

நான் படித்தது ஜியாலஜி. கல்லையும் மண்ணையும் பானை ஓட்டையும் அறுத்துத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்ப்பது என் தொழில். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அகழாய்வுக் குழுக்களோடு குழியில் இறங்கி வெட்டுமுகம், அதாவது குழிச் சுவரில் தெரியும் மண்ணடுக்கு, வரைந்திருக்கிறேன். காலக்கணிப்பு இயந்திரங்களை நான் ஓட்டுவதில்லை. மாதிரி எடுத்துக் கொடுப்பேன், வருகிற எண்ணை மண்ணடுக்கோடு பொருத்திப் பார்ப்பேன். அத்திரம்பாக்கம் குழுவில் நான் இல்லை. அவர்கள் வெளியிட்ட கட்டுரைகளை ஊன்றிப் படித்தவன் என்ற அளவில்தான் அதைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் கல்லை எடுத்துக்கொள்வோம். அந்தப் பகுதிக் கருவிகள் பெரும்பாலும் குவார்ட்சைட். பழைய கடற்கரை மணல் இறுகி, கண்ணாடி போல் உடையும் அளவுக்குக் கெட்டிப்பட்ட பாறை அது. கடப்பைப் பக்கத்து மலைகளில் அந்தப் பாறை உருவாகி நூறு கோடி ஆண்டுக்கும் மேல் ஆகிறது. அப்புறம் அது உடைந்து, ஆறுகளில் உருண்டு, கூழாங்கல்லாகி, டைனோசர் காலத்தில் வேறொரு மண்ணோடு சேர்ந்து மறுபடி இறுகியது. அல்லிக்குழி மலைகளில் இன்றும் அந்தக் கூழாங்கற் பாறையைப் பார்க்கலாம். அதிலிருந்து மீண்டும் கழன்று ஓடைக்கு வந்த கல்லைத்தான் ஒரு மனிதக் கை எடுத்துச் செதுக்கியது. செதுக்கியதும் அது மறுபடி வெள்ளத்தில் புதைந்தது. ஒரே நிலத்துக்கு மூலப் பத்திரம், கிரயப் பத்திரம், பாகப் பிரிவினை என்று பல பத்திரங்கள் இருக்குமே, அதுபோல ஒரு கல்லுக்கும் பல தேதிகள் உண்டு. பாறையான தேதி, கூழாங்கல்லான தேதி, உடைக்கப்பட்ட தேதி, புதைந்த தேதி. நிலவியலில் உள்ள ஒவ்வொரு கடிகாரமும் இவற்றில் ஏதோ ஒன்றைத்தான் படிக்கும். குவார்ட்சைட்டை உடைக்கும் செயல் கல்லுக்குள் எந்தக் கடிகாரத்தையும் ஓடவிடுவதில்லை. இது உறுதி. ஆகவே உங்கள் சந்தேகத்தில் பாதி நியாயம். உடைத்த நேரத்தை நேரடியாக யாரும் அளப்பதில்லை. அதற்கு மிக நெருக்கமாக வருகிற புதைந்த நேரத்தை அளக்கிறார்கள்.

இந்த இடத்தில் அத்திரம்பாக்கத்தின் கதையை நிதானமாகச் சொல்ல வேண்டும். பத்திரிகைகளில் வருவது கடைசி எண் மட்டும்தான். அதற்கு முன் நடந்த மண் ஆராய்ச்சிதான் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கருவியை அடையாளம் கண்ட ராபர்ட் புரூஸ் ஃபுட், ஜியாலஜிக்கல் சர்வே ஆஃப் இந்தியாவில் வேலை பார்த்த நிலவியலாளர். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் உடன் வேலை செய்த வில்லியம் கிங்கும் கொற்றலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தைக் கண்டார்கள். சென்னையிலிருந்து வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டர். அதன் பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பலர் அங்கே வந்து தோண்டியிருக்கிறார்கள். கீழே ஒரு தடித்த களிமண் அடுக்கு இருப்பது எல்லோருக்கும் தெரியும். அது டைனோசர் காலத்து ஆவடிக் களிப்பாறை, நாள்பட்டு மட்கிப்போனது என்று எடுத்துக்கொண்டார்கள். அப்படியானால் கருவிகள் அதன் தலைமேல்தான் கிடக்க வேண்டும். அதற்குக் கீழே தோண்டுவதில் பயனில்லை என்றாகிவிடும்.

1999 முதல் சென்னையின் சர்மா பாரம்பரியக் கல்வி மையத்தைச் சேர்ந்த சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே அகழ்ந்தார்கள். ஏறக்குறைய 9 மீட்டர் தடிப்புள்ள படிவுகள். அந்தக் களிமண்ணுக்குள்ளேயே, பல ஆழங்களில் கைக்கோடாரிகள், அதாவது கையில் பிடித்து வெட்ட இரு பக்கமும் செதுக்கிய கற்கள், கிடைத்தன. டைனோசர் காலப் பாறைக்குள் மனிதக் கருவி இருக்க வழியே இல்லை. அந்த மண்ணை மெல்லிய மெல்லிய படலங்களாக, ஆற்று வெள்ளம் கரை தாண்டி வந்து அமைதியாக விட்டுச் சென்ற வண்டல் என்று அவர்கள் மறுபடி வாசித்தார்கள். ஒரு மண்ணுக்குப் பெயர் மாறியது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெயர் மாறாமல் இருந்திருந்தால் உலகத்தின் எந்த ஆய்வகத்துக்கும் அனுப்ப அங்கே ஒன்றும் இருந்திருக்காது.

இங்கே ஒரு எதிர்க் கேள்வி வரும், வர வேண்டும். களிமண் கோடையில் பிளக்கும். கரிசல் காட்டில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விழுவதைப் பார்த்திருப்பீர்கள். மேலே கிடந்த கருவி அந்த வெடிப்பில் விழுந்து கீழே போயிருந்தால்? இதைக் குழியில்தான் தீர்க்க முடியும். கருவிகள் படுக்கைவாட்டில் கிடக்கின்றனவா, செங்குத்தாகச் செருகி நிற்கின்றனவா, விளிம்பு கூராக இருக்கிறதா, உருண்டு மழுங்கியிருக்கிறதா, உடைத்தபோது தெறித்த சிறு சில்லுகளும் பக்கத்திலேயே இருக்கின்றனவா, சுற்றியுள்ள மண் படலங்கள் அறுபடாமல் ஓடுகின்றனவா என்றெல்லாம் பார்ப்போம். சில்லுகளும் கருவியும் ஒன்றாகக் கிடந்தால் அங்கேயே உட்கார்ந்து செதுக்கினார்கள் என்று நம்பலாம். நாங்கள் மண்ணைக் கலையாமல் ஒரு கட்டியாக வெட்டி எடுத்து, பிசின் ஊற்றி இறுக்கி, மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்ப்பதும் இதற்காகத்தான். கறையான் தோண்டிய சுரங்கம், வேர் போன தடம், மிதிபட்ட தரை எல்லாம் அதில் தெரியும். வெறும் கண்ணுக்கு ஒரே மண்ணாகத் தெரிந்தது அங்கே நான்கு நிகழ்ச்சியாகப் பிரியும்.

சரி, இப்போது எண்ணுக்கு வருவோம். விண்வெளியிலிருந்து காஸ்மிக் கதிர்கள் எப்போதும் பூமியில் விழுந்துகொண்டிருக்கின்றன. தரைமேல் கிடக்கும் கல்லின் குவார்ட்ஸில் (குவார்ட்சைட்டில் நிறைந்திருக்கும் தாது) அவை மோதும்போது, ஆக்சிஜனிலிருந்து பெரிலியம்-10, சிலிக்கானிலிருந்து அலுமினியம்-26 என்ற கதிரியக்க அணுக்கள் மிகச் சிறிதளவு உண்டாகின்றன. ஒரு பெரிலியத்துக்கு ஏறக்குறைய ஏழு அலுமினியம் என்ற கணக்கில் அவை பிறக்கும். கல் பல மீட்டர் ஆழத்தில் புதைந்துவிட்டால் கதிர் கிட்டத்தட்ட எட்டாது, உற்பத்தி நின்றுபோகும். இருப்பு மட்டும் கரையும். அலுமினியம்-26 பாதியாகக் குறைய 7 லட்சம் ஆண்டு, பெரிலியம்-10 பாதியாக 14 லட்சம் ஆண்டு. ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் குறைவதால், மீதமுள்ள விகிதத்தை அளந்தால் புதைந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று கணக்கிடலாம். இதற்குக் கல்லைப் பொடித்து, ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கரைத்து, அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணுகிற முடுக்கி இயந்திரத்தில் ஏற்ற வேண்டும். அத்திரம்பாக்கத்துக்காக அந்த வேலை பிரான்சில் நடந்தது. அங்கே மண்ணை மட்டும் அளக்காமல் கருவிகளையே அளந்தார்கள் என்பது முக்கியம். சில கருவிகளைப் பலிகொடுத்துப் பெற்ற எண் அது.

கல்லின் முன்கதை இந்த முறைக்கு ஒரு பலவீனம். நான் மேலே சொன்ன பத்திரங்களை நினைத்துப் பாருங்கள். அந்தக் கூழாங்கல் மனிதக் கைக்கு வருமுன் ஏற்கெனவே மலைக்குள் புதைந்து கிடந்தது. வெளியே வந்து போதிய காலம் வெயிலில் கிடந்திருந்தால் கடிகாரம் புதிதாக ஆரம்பித்திருக்கும். அப்படிக் கிடக்காமல் உடனே எடுக்கப்பட்டிருந்தால், விகிதம் முன்பே குறைந்திருந்து, வயது கூடுதலாகக் காட்டக்கூடும். ஆழத்திலும் கொஞ்சம் கதிர் இறங்குவதால் எதிர்ப்பக்கமும் சிறு பிழை வரலாம். இதனால்தான் ஒரு கடிகாரத்தை மட்டும் நம்பக் கூடாது என்கிறோம். அத்திரம்பாக்கம் குழுவும் நம்பவில்லை. களிமண்ணில் உள்ள நுண்ணிய இரும்புத் தாதுத் துகள்கள், படியும்போது அன்றைய பூமியின் காந்தத் திசையைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பூமியின் காந்தப்புலம் அவ்வப்போது வடக்கு தெற்காகத் தலைகீழாகியிருக்கிறது. கடைசியாக இன்றைய நிலைக்கு வந்தது சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன். அதற்கு முன்பு, 10.7 லட்சத்துக்கும் 9.9 லட்சத்துக்கும் இடையில், கொஞ்ச காலம் மட்டும் இன்றைய திசையில் இருந்தது. அத்திரம்பாக்கத்துக் களிமண்ணின் காந்தத் திசை தலைகீழ். காந்தக் கணக்கையும் அணுக் கணக்கையும் சேர்த்துப் பார்த்து 2011இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: கைக்கோடாரிகள் கிடந்த அடுக்குகள் 10.7 லட்சம் ஆண்டுக்கு இந்தப் பக்கம் வர முடியாது. கருவிகளின் சராசரி வயது 15.1 லட்சம், 70 ஆயிரம் கூடவோ குறையவோ இருக்கலாம்.

செய்தித்தாள் 15 லட்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. என் வாசிப்பில் இந்த இரண்டு எண்களுக்கும் நம்பகம் ஒன்றல்ல. பத்து லட்சத்துக்கும் மேல் என்பது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரு முறைகள் சேர்ந்து சொல்வது. அதை உறுதி என்றே வைத்துக்கொள்ளலாம். 15.1 லட்சம் என்பது பல கருவிகளின் எண்களைச் சேர்த்து எடுத்த சராசரி. சராசரியின் பிழை சிறியதாகத் தெரிந்தாலும், ஒவ்வொரு கருவியின் தனி எண்ணுக்கும் பிழை வீச்சு அதைவிடப் பெரிது. நாளைக்குப் புது அளவீடு வந்து இதை ஒன்றிரண்டு லட்சம் நகர்த்தினால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். முன்பு தென்னிந்தியக் கைக்கோடாரிகளுக்கு ஐந்தாறு லட்சம் ஆண்டு என்று பேசிக்கொண்டிருந்தோம். அந்த நிலை திரும்பி வராது. அந்தக் கருவிகளைச் செய்தவர்கள் யார் என்பதை எந்த நிலவியல் முறையும் சொல்லாது. அதற்கு எலும்பு வேண்டும், அத்திரம்பாக்கத்தில் மனித எலும்பு கிடைக்கவில்லை. இந்தியாவிலேயே அந்த வகையில் பேர் சொல்ல இருப்பது நர்மதைக் கரையில் ஹத்னோராவில் 1982இல் கிடைத்த மண்டையோட்டுப் பகுதிதான். அதைக் கண்டெடுத்த அருண் சோனாக்கியாவும் ஜியாலஜிக்கல் சர்வேக்காரர்தான்.

அதே அத்திரம்பாக்கத்தின் மேல் அடுக்குகளில் கைக்கோடாரி குறைந்து, சிறிய, நுணுக்கமாகத் திட்டமிட்டுப் பெயர்த்த செதில் கருவிகள் வருகின்றன. அவற்றின் வயது 2018இல் வெளியானது: 3,85,000 ஆண்டு, கூட்டிக் கழிக்க 64,000; முடிவது 1,72,000 வாக்கில். இது முற்றிலும் வேறு கடிகாரம், அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகத்தினர் சேர்ந்து செய்தது. மணல் துகளுக்குள் மின்னணுக்கள் (எலக்ட்ரான்கள்) சிக்கிக்கொள்ளும் நுண்குழிகள் உண்டு. சுற்றியுள்ள மண்ணில் இருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியத்தின் கதிர்வீச்சு அவற்றை மெல்ல மெல்ல நிரப்பும். வெயில் பட்டால் காலியாகிவிடும். மண்ணுக்குள் புதைந்த நாளிலிருந்து மறுபடி நிரம்பத் தொடங்கும். ஆய்வகத்தில் ஒளியைப் பாய்ச்சி, சிக்கியிருந்தது வெளியேறும்போது எழும் மங்கிய ஒளிர்வை அளப்பார்கள். மொத்தம் வாங்கிய கதிர்வீச்சை ஆண்டுக்கு எவ்வளவு என்ற எண்ணால் வகுத்தால் வயது. ஓஎஸ்எல் என்று சுருக்கமாகச் சொல்வது இந்தக் குடும்பத்து முறைகளைத்தான். குவார்ட்ஸில் அந்தக் குழிகள் பொதுவாக ஒரு லட்சம், இரண்டு லட்சம் ஆண்டுகளுக்குள் நிறைந்துவிடும், அதற்கு மேல் கணக்கு ஓடாது. அதனால் அத்திரம்பாக்கத்தில் இன்னும் நீண்ட காலம் தாங்குகிற ஃபெல்ட்ஸ்பார் தாதுவை, அகச்சிவப்பு ஒளியால் தூண்டும் முறையில் அளந்தார்கள்.

ஆண்டுக்கு எவ்வளவு என்ற அந்த வகுக்கும் எண் எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். மண்ணில் ஈரம் அதிகமாக இருந்தால் தண்ணீரே கொஞ்சம் கதிர்வீச்சை விழுங்கும். இன்றைய ஈரத்தை அளக்கலாம், மூன்று லட்சம் ஆண்டு முழுக்க எவ்வளவு ஈரமாக இருந்தது என்பதை ஊகிக்கத்தான் முடியும். மணவாளக்குறிச்சிப் பக்கத்து மோனசைட் மணலில் தோரியம் மிகுதி. அங்கே குழிகள் சீக்கிரம் நிரம்பும். இரண்டு ஊர் மண்ணுக்கும் ஒரே வகுத்தியைப் போட்டால் விடை அபத்தமாகும். அந்த 64,000 என்ற பெரிய பிழை வீச்சு குழுவின் நேர்மையிலிருந்து வருகிறது. அதையும் எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். உண்மை வயது 3,21,000க்கும் 4,49,000க்கும் நடுவில் இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு என்று பொருள். அந்த எல்லைக்கு வெளியே போக மூன்றில் ஒரு பங்கு இடமிருக்கிறது.

இந்த முறைக்கு மாதிரி எடுப்பது மிகச் சங்கடமான வேலை. வெளிச்சம் புகாத இரும்புக் குழாயை வெட்டுமுகத்தில் அடித்து இறக்கி, வெளியே எடுத்த கையோடு இரு முனையையும் அடைத்து, கறுப்புத் துணியிலும் பையிலும் சுற்ற வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ஆற்றங்கரைக் குழியில் நான் எடுத்த குழாயில் மண் முனைவரை நிறையவில்லை. ஒரு விரற்கடை வெற்றிடம் இருந்தது. அதைத் துணி வைத்து இறுக்க மறந்துவிட்டேன். ரயிலில் குலுங்கிய குலுங்கலில் முனையில் வெளிச்சம் பட்ட மணலும் உள்ளே இருந்த மணலும் கலந்துவிட்டன. ஆய்வகம் மாதிரி பயன்படாது என்று எழுதியது. அதற்குள் மழைக்காலம் வந்து குழியை மூடியாகிவிட்டது. அந்த அடுக்குக்கு இன்றுவரை வயது இல்லை. இப்போது இளையவர்களுக்குப் பாடம் எடுக்கும்போது முதலில் காட்டுவது குழாயைத்தான்.

சில இடங்களில் நிலவியல் கொடுக்கிற உதவி இத்தனை சுற்றுவழி இல்லாமல் நேராக வரும். ஆந்திரத்தின் கர்நூல் பகுதியில் ஜுவாலாபுரம் என்ற ஊர். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவில் டோபா எரிமலை வெடித்தபோது பறந்து வந்த சாம்பல் அங்கே வெள்ளை அடுக்காகப் படிந்திருக்கிறது. சாம்பலில் உள்ள எரிமலைக் கண்ணாடித் துகள்களின் வேதியியல் கைரேகை மாதிரி. எந்த எரிமலை என்று காட்டிக்கொடுத்துவிடும். அந்தச் சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் கற்கருவிகள் கிடைத்ததை 2007இல் வெளியிட்டார்கள். கீழே உள்ளது அதற்கு முன், மேலே உள்ளது அதற்குப் பின். அதில் சந்தேகமில்லை. இரண்டையும் செய்தது ஒரே மனித இனம்தானா என்பதில்தான் இன்னும் சண்டை நடக்கிறது.

கரி என்றால் சரி என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். கரிமம்-14 முறை ஏறக்குறைய 50,000 ஆண்டுவரைதான் எட்டும். அது சொல்வது அந்த மரமோ நெல்லோ உயிர்விட்ட நேரத்தை. மரத்தின் உள்வளையங்கள் மரம் சாகும் முன்பே வளர்ச்சி நின்றுபோனவை. ஆகவே நூறு ஆண்டு வளர்ந்த மரத்தின் நடுக்கட்டையை எரித்தால், எரித்த நாளைவிட நூறு ஆண்டு முன்தேதி வரும். அதனால்தான் ஓர் ஆண்டில் விளைந்து அறுபடும் நெல்லோ தானியமோ கிடைத்தால் எங்களுக்கு அத்தனை மகிழ்ச்சி. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல்லுக்கு கி.மு. 1155 என்று வந்தபோது அந்த எண்ணுக்குத் தனி மதிப்பு இருந்தது அதனால்தான். கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரிக்கு அமெரிக்காவின் பீட்டா அனலிட்டிக் ஆய்வகம் கொடுத்தது கி.மு. 580. 2019இல் தமிழகமே பேசிய எண். இயந்திரம் அளப்பதை நேராகக் காலண்டர் ஆண்டாக எடுக்க முடியாது. காற்றில் கரிமம்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை. மர வளையங்களை வைத்துத் தயாரித்த திருத்த வளைவு ஒன்றின் வழியாகத்தான் மாற்ற வேண்டும். அந்த வளைவு கி.மு. 800 முதல் 400 வரை கிட்டத்தட்ட தட்டையாகக் கிடக்கிறது. அந்த நானூறு ஆண்டுக்குள் இறந்த மரங்களெல்லாம் ஆய்வகத்தில் ஏறக்குறைய ஒரே வயதாகத் தெரியும். ஆய்வகத்தின் குறையல்ல இது, சூரியனும் காற்றும் செய்த வேலை. நம் சங்ககால ஆரம்பத்தைத் தேடுகிறவர்களுக்கு இதைவிடத் துரதிர்ஷ்டமான இடத்தில் அந்தத் தட்டைப் பகுதி விழுந்திருக்க முடியாது. ஆகவே 580 என்பதைத் தனி ஆண்டாகப் படிக்காமல் ஒரு வீச்சின் அடையாளமாகப் படியுங்கள். இதைச் சீர்படுத்த வழி உண்டு. ஒரே குழியில் மேலிருந்து கீழ்வரை பல மாதிரி எடுத்து, எது எதற்கு மேல் இருந்தது என்ற வரிசையையும் கணக்கில் சேர்த்தால் வீச்சு குறுகும். அந்த வரிசை குழியில் நின்று வெட்டுமுகம் வரைந்தவரின் நோட்டில் மட்டும்தான் இருக்கும்.

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட இரும்பு பற்றிய அறிக்கையையும் கேட்டிருந்தீர்கள். சிவகளையில் இரும்பு கிடைத்த தாழிகளோடு சேர்ந்த மாதிரிகளுக்கு கி.மு. 3345 வரை வயது வந்திருக்கிறது. பீட்டா அனலிட்டிக், லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவனம், அகமதாபாத் ஆய்வகம் என்று மூன்று இடங்களுக்கு அனுப்பி, கரிக்குக் கரிமம்-14, பானை ஓட்டுக்கு ஓஎஸ்எல் என இரு வேறு கடிகாரங்களில் பார்த்தது நல்ல நடைமுறை. மாதிரியின் வயதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கரியின் வயது இரும்பின் வயதும்தானா என்பதுதான் கேள்வி; அதற்கு விடை, அந்தத் தாழி மூடியபடி இருந்ததா, உள்ளே மண் பின்னால் புகுந்ததா, எலி வளை தோண்டியதா என்பதில் இருக்கிறது. இன்னும் நான்கைந்து ஊர்களில், மூடி கலையாத தாழிகளில் இதே காலம் வந்தால் நான் முழுமனதோடு ஏற்றுக்கொள்வேன். அப்படி வர வேண்டும் என்று ஆசையும் படுகிறேன். ஆசை இருப்பதால்தான் இன்னும் கறாராகக் கேட்கிறேன்.

வயதைத் தவிர எங்களிடம் கேட்கப்படும் இன்னொரு கேள்வி, இது எந்த ஊர்ப் பொருள் என்பது. இதுதான் என் சொந்த வேலை. பானை ஓட்டையோ கல்லையோ 0.03 மில்லிமீட்டர் தடிப்புக்குத் தேய்த்தால் ஒளி ஊடுருவும். துருவப்படுத்திய ஒளியில் ஒவ்வொரு தாதுவும் தன் நிறத்தைக் காட்டும். மதுரைப் பக்கம் வனைந்த பானையில் அந்த ஊர் நைஸ் என்ற வரிப்பாறையின் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், அப்பிரகம் (மைக்கா) இருக்கும். அதில் தக்காணத்து எரிமலைப் பாறைத் துணுக்கு இருந்தால் பானை வெளியூரிலிருந்து வந்தது என்று அன்றைக்கே சொல்லிவிடலாம். ஆனால் மதுரைப் பானையா திருச்சிப் பானையா என்று கேட்டால் பெரும்பாலும் கையை விரிக்கத்தான் வேண்டும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒரே வகைப் பாறைதான். புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, உட்புறம் வட்ட வட்டமாகப் புள்ளி உருட்டிய மெல்லிய கறுப்புத் தட்டுகளை மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்தவை என்று நினைத்தார். பின்னாளில் மண்ணின் தாதுவையும் வேதியியலையும் பார்த்தபோது அவை இந்திய மண் என்று தெளிவாயிற்று. இது தீர்ந்த விஷயம். இந்தியாவில் எங்கே என்பதில், புனே டெக்கான் கல்லூரியின் விஷ்வாஸ் கோக்டே எக்ஸ்ரே ஆய்வை வைத்து வங்கத்துக் கங்கைச் சமவெளியைக் காட்டினார். ஒரே இடத்தில்தான் செய்தார்களா, பல இடங்களிலா என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

நூறு ஆண்டு நம்பிக்கையும் கவிழலாம். இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சில் நடுவே கிடக்கும் ஆறு டன் எடையுள்ள பலிபீடக் கல் வேல்ஸ் நாட்டுக் கல் என்றுதான் நீண்ட காலம் எல்லோரும் சொன்னார்கள். 2024இல் அதன் சிறு துண்டுகளில் இருந்த ஸிர்கான், அபடைட், ரூட்டைல் என்ற தாது மணிகளின் வயதுகளை ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் அளந்தபோது அந்தக் கலவை வேல்ஸுக்குப் பொருந்தவில்லை. வடகிழக்கு ஸ்காட்லாந்துக்குப் பொருந்தியது. 700 கிலோமீட்டருக்கு மேல். கல் அங்கிருந்து வந்தது என்று நிலவியல் சொல்லும். கடல் வழியா, தரை வழியா, யார், ஏன் கொண்டுவந்தார்கள் என்று அந்தத் துண்டால் சொல்ல முடியாது.

ஆக, ஆய்வக எண்ணை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்கு, அடுத்த முறை ஒரு எண் செய்தியில் வரும்போது நான் பார்க்கிற மூன்று விஷயங்களைச் சொல்கிறேன். அளந்தது எதை: பொருளையா, பக்கத்துக் கரியையா, சுற்றியிருந்த மணலையா. பிழை வீச்சு எவ்வளவு. அது இல்லாமல் எண் மட்டும் வந்தால் மூலக் கட்டுரை கிடைக்கும்வரை காத்திருப்பேன். வேறொரு கடிகாரம் அதே பக்கம் காட்டுகிறதா. வெளிநாட்டு ஆய்வகம் என்பதால் கூடுதல் நம்பிக்கையோ சந்தேகமோ தேவையில்லை. டெல்லியிலும் இப்போது முடுக்கி இயந்திரம் வைத்துக் கரிமம் அளக்கிறார்கள். எங்கே அளந்தாலும், தவறுகளில் பெரும்பங்கு மாதிரி ஆய்வகத்துக்குப் போகும் முன்பே நடந்து முடிந்துவிடும்.

இனி உங்கள் அலமாரிக் கல். நீங்கள் சொன்ன அளவும், இரு பக்கமும் செதுக்கி முனை கூராக்கியதும் கைக்கோடாரியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் படம் இல்லாமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். அதன் வயதைத் தனியாக அளக்க முடியாது. பல ஆண்டாக உழுகிற மண்ணின் மேற்பரப்பில் கிடந்து, பிறகு அலமாரிக்கு வந்துவிட்டது. அதன் புதைந்த கணக்கு கலைந்துபோயிற்று. வடிவத்தை வைத்து எந்தக் காலத்து வகை என்று மட்டும் சொல்லலாம். ஆனால் தாத்தாவுக்கு அது எந்த வரப்போரம், எந்த மடையருகே கிடைத்தது என்று நினைவிருந்தால், அதை இன்றைக்கே ஒரு தாளில் குறித்து, சர்வே எண்ணோடு எழுதி வையுங்கள். கிணறு வெட்டிய பக்கச் சுவர் ஏதாவது இருந்தால் அளவுகோல் வைத்து மேலிருந்து கீழ்வரை படம் எடுங்கள். இன்னொரு கல் கண்ணில் பட்டால் எடுக்காமல், கிடக்கிறபடியே படம் பிடித்துவிட்டு விட்டுவிடுங்கள். பூண்டியிலேயே தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. கல்லையும் அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். கல்லில் ஒட்டியிருக்கும் மண்ணைக் கழுவ வேண்டாம்.